கொல்லைப்புறத்து ஆண்ட்ரோமீடா

என் சமையலறையில் மூடி இல்லாத டப்பாவோ டப்பா இல்லாத மூடியோ ஒன்றுகூடக் கிடையாது. அந்தப் பெருமை எனக்குச் சேராது. சிட்லபாக்கத்தில் நாங்கள் குடியிருந்தபோது பக்கத்து வீட்டில் இருந்த அக்காவுக்குத்தான் சேரும். கறிவேப்பிலை கேட்டு வருவார். கறிவேப்பிலை கைக்கு வந்த பிறகும் போகமாட்டார். என் அலமாரியை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்ப்பார். பிறகு ஏதாவது ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, "இது எதுக்கு?" என்பார்.

அந்த இரண்டு வார்த்தைக்கு எங்கள் தெருவே பயந்தது. கேட்டவுடன் பதில் சொல்லிவிட வேண்டும். கொஞ்சம் யோசித்தால் போச்சு, பொருள் குப்பைக்கூடைக்குப் போய்விடும். தேதி முடிந்த இருமல் மருந்து, ஜோடி தொலைந்த கம்மல், பெயின்ட் கடையில் இலவசமாகக் கொடுத்த தொப்பி என்று என் வீட்டிலிருந்து அவர் வெளியேற்றியவை ஏராளம். என் கல்யாணப் புடவை வந்த அட்டைப்பெட்டியையும் விடவில்லை. "புடவையைத்தானேம்மா கட்டிக்கப்போற, பெட்டியையா?" என்றார். எனக்குக் கோபமான கோபம். பெட்டி இருந்த இடத்தில் குழந்தையின் துணிகளை அடுக்கியபோது வசதியாகத்தான் இருந்தது. அதனால் கோபம் இன்னும் கூடியது.

ஏதோ ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர் அக்கா. கணவர் இறந்து வெகு காலம் ஆகியிருந்தது. "மேஜை மேல வேணாதது கிடந்தா வேண்டியது கைக்கு வராதும்மா" என்று அடிக்கடி சொல்வார். தியேட்டரில் சரி, வாழ்க்கையிலுமா என்று நான் கேட்டிருக்கிறேன். "வாழ்க்கையிலதான் இன்னும் அதிகம்" என்று சிரித்துக்கொண்டே என் பிரிட்ஜைத் திறப்பார்.

ஒரு வருஷம் சர்ச்சில் அலமாரி சுத்தம் செய்யும் பொறுப்பை அவரிடம் கொடுத்துவிட்டார்கள். கொடுத்தவர்களைச் சொல்ல வேண்டும். கிறிஸ்துமஸ் நாடகத்துக்காகப் பல காலமாகப் பத்திரப்படுத்தியிருந்த தாடிகள் எல்லாம் போய்விட்டன. அந்த டிசம்பரில் மூன்று ஞானிகளும் மழுமழுவென்று சவரம் செய்த முகத்தோடு வந்து குழந்தையை வணங்கினார்கள். அக்கா முன்வரிசையில் உட்கார்ந்து, "இப்பத்தான் முகம் தெரியுது" என்றார்.

பழைய பேப்பர்காரருக்கு மட்டும் அவரைக் கண்டால் கொண்டாட்டம். தெருவுக்குள் நுழைந்ததும் வண்டி நேராக அக்கா வீட்டு கேட்டுக்குத்தான் போகும். "அக்கா வூட்டுல போணி ஆச்சின்னா அன்னிக்கி ஃபுல்லா ஜோரா ஓடும்" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்.

இப்படிப்பட்டவரின் ஆட்சி செல்லாத இடம் ஒன்று அந்த வீட்டிலேயே இருந்தது. அது அவருடைய ஒரே மகன் ஜோயலின் அறை. ஜோயல் கேளம்பாக்கம் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தான். நான் அவன் அம்மாவை அக்கா என்பேன், அவனும் என்னை அக்கா என்பான். எங்கள் தெருவில் உறவுமுறை அவ்வளவுதான். கம்பெனி அவனை அமெரிக்கா அனுப்பியது. அப்படிப் போன மற்ற பிள்ளைகள் சென்ட்டும் சாக்லேட்டும் வாங்கி வந்தார்கள். இவன் ஒரு டெலஸ்கோப்போடு வந்து இறங்கினான். அறை முழுக்க ஒயர், ஸ்க்ரூ, பேட்டரி, எதற்கென்று தெரியாத குழாய்கள். அக்கா வாசற்படியில் நின்று ஆற்றாமையோடு பார்ப்பார். "உள்ளே வராதீங்க மம்மி, எல்லாமே வேணும்" என்பான்.

கொல்லைப்புறத்தில் துவைக்கிற கல்லுக்கும் முருங்கை மரத்துக்கும் நடுவே டெலஸ்கோப்பை நிறுத்தி வைத்திருப்பான். ஒரு ஜனவரி சாயங்காலம் ரசம் கொடுக்கப் போன என்னை நிறுத்தி, வடக்கே கையைக் காட்டினான்.

"அங்க ஒரு கேலக்ஸி இருக்குக்கா. ஆண்ட்ரோமீடா."

"ஒண்ணும் தெரியலையேடா."

"தெரியாது. தாம்பரம் வெளிச்சம், ஏர்போர்ட் வெளிச்சம், எல்லாம் மேல ஏறி நிக்குது. கேமராவுக்கே ஒரு தடவையில தெரியாது. இங்க பாருங்க."

கேமராவின் சின்னத் திரையில் காட்டினான். காப்பிக் கறை படிந்த துணி மாதிரி ஒரே பழுப்பு. நடுவில் ஏதோ துளி அழுக்கு.

"இதையா இவ்வளவு நாளா எடுக்கற?"

"தனியா பாத்தா குப்பைதான். இந்த மாதிரி நூத்துக்கணக்குல எடுத்து ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கணும். கம்ப்யூட்டர் அடுக்கும். ஒவ்வொண்ணுலயும் கொஞ்சூண்டு நிஜ வெளிச்சம் இருக்குக்கா. அது சேரச் சேரத்தான் கேலக்ஸி கையை விரிக்கும்."

"கை வேற இருக்கா அதுக்கு?"

"சுருள் சுருளா இருக்கும். கை முறுக்கு மாதிரி."

சமையலறையிலிருந்து அக்கா, "ரெண்டு பேரும் பேசியே முறுக்கு சுடுங்க, இங்க சோறு ஆறுது" என்று குரல் கொடுத்தார். ஜோயல் சிரித்தான். இன்னும் சில சாயங்காலங்கள் எடுத்தால் போதும், பிறகு அடுக்கிவிடலாம் என்றான்.

பிப்ரவரியில் மேடவாக்கம் ரோட்டில் ஒரு தண்ணீர் லாரி அவன் பைக்கின் மேல் ஏறியது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னால் முடியவில்லை.

அக்கா அழுதது எனக்கு நினைவில்லை. வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார், செருப்புகளை ஓரமாக அடுக்கினார். சர்ச்சில் நினைவுக் கூட்டம் வைத்தபோது, ஜோயலின் படங்களைத் திரையில் ஓட்டலாம், நல்லதாகச் சேர்த்து ஒரு வீடியோ பண்ணிக் கொடுங்கள் என்று வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் கேட்டார்கள். அன்றைக்குத்தான் அக்கா முதல்முறையாக அந்த அறைக்குள் போனார். ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பழகியிருந்ததால் யார் உதவியும் கேட்கவில்லை. அவன் முகத்தைத் தேடித் தேடி எடுத்தார். ஞானஸ்நானம், காலேஜ், அமெரிக்காவில் பனிக்கு நடுவே பல்லைக் காட்டிக்கொண்டு. வீடியோ அருமையாக இருந்தது. எல்லோரும் அழுதோம்.

கூட்டம் முடிந்து வீட்டில் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தபோது ஜோயலின் ஆபீஸ் நண்பன் ரியாஸ் அக்காவிடம் வந்தான். கிழக்குத் தாம்பரத்துப் பையன், இவனுக்கும் வானப் பைத்தியம்.

"ஆன்ட்டி, அவன் எடுத்த ஆண்ட்ரோமீடா படமெல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கும். நான் வாங்கிட்டுப் போய் முடிச்சுத் தரட்டுமா?"

"என்ன படம்ப்பா?"

"பழுப்பா இருக்கும். ஒரே மாதிரி நெறைய இருக்கும்."

"ஓ, அதுவா? அதுல ஒண்ணுமே விழலையேப்பா. வீடியோவுக்கு இடம் பத்தலைன்னு சொல்லுச்சு. வேணாததுதானேன்னு எல்லாத்தையும் அழிச்சுட்டேன்."

ரியாஸ் காப்பித் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் எத்தனையோ ஆபரேஷன்களில் டாக்டர்களின் கண்ணை மட்டும் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டவர் அக்கா. "என்னப்பா? சொல்லு" என்றார். அவன் மழுப்பினான். "சொல்லு" என்று மறுபடி சொன்னார். சொன்னான்.

அக்கா அவன் கையிலிருந்த காலித் தம்ளரை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். அந்தத் தம்ளரைத் தேய்த்தார். கழுவினார். மறுபடி எடுத்துத் தேய்த்தார். நான் பிடுங்கி வைக்கும்வரை தேய்த்துக்கொண்டே இருந்தார்.

ரியாஸ் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு ரிச்சி ஸ்ட்ரீட்டில் தெரிந்த கடைகளில் எல்லாம் ஏறி இறங்கினான். அழித்த இடத்தில் வேறு எதுவும் எழுதாமல் விட்டிருந்தால் ஏதாவது மீட்டிருக்கலாம் என்றார்களாம். அந்த இடத்தில்தான் நினைவுக் கூட்டத்து வீடியோ உட்கார்ந்திருந்தது. கேமராவின் கார்டையும் ஜோயலே எப்போதோ காலி செய்து வைத்திருந்தான்.

அதற்குப் பிறகு அக்கா எதையும் தூக்கிப் போடவில்லை. வாசலில் செய்தித்தாள்கள் குவிந்தன. பால் கவர்களைக் கழுவிக் காயவைத்து அடுக்கினார். தீர்ந்த பேனா, உடைந்த கிளிப், ஜோயலின் பிய்ந்த செருப்பு, எல்லாம் ஹாலிலேயே இருந்தன. பழைய பேப்பர்காரர் கேட்டைத் தட்டி, "இன்னாக்கா, ஒண்ணுமே இல்லியா? பேப்பராச்சும் கீதா?" என்று கேட்டார். "இல்லப்பா, எல்லாம் வேணும்" என்று அக்கா ஜன்னலிலிருந்தே சொல்லி அனுப்பினார். எனக்கு அவரைப் பார்க்கப் பயமாக இருந்தது. ஒருநாள் வேண்டுமென்றே ஓட்டை டப்பா ஒன்றை எடுத்துப்போய், "அக்கா, இதைப் போட்டுடலாமா?" என்று கேட்டேன். வாங்கிப் பார்த்தார். "எதுக்காவது ஆகும், வெச்சுக்கோ" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்த வருஷம் மழைக்காலம் முடியப்போகிற சமயத்தில் ரியாஸைக் கூப்பிட்டு அனுப்பினார். "எனக்கு அதை எடுக்கச் சொல்லிக் குடு" என்றார்.

ரியாஸ் தயங்கினான். நானும் தயங்கினேன். ஆனால் அக்காவின் கைகள் தயங்கவில்லை. ஜோயலின் ஸ்க்ரூக்களை எல்லாம் தியேட்டரில் கத்தி, கத்தரி அடுக்குவது போல ஒரு எவர்சில்வர் தட்டில் வரிசையாக வைத்தார். லென்ஸைத் தொடுவதற்கு முன் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். வானம் நகரும் வேகத்துக்கு டெலஸ்கோப்பைத் திருப்ப ஒரு மோட்டார் உண்டு. அதை வடக்கு பார்த்துச் சரியாக நிறுத்தத்தான் பாடாய்ப் படுத்தியது. அதையும் ஒரு வாரத்தில் பிடித்துவிட்டார். முதல் படம் விழுந்த சாயங்காலம் நான் கூட இருந்தேன். அதே பழுப்பு, நடுவில் அதே துளி அழுக்கு. அக்கா திரையைப் பார்த்தபடி, "இதைத்தான்" என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

எடுத்த எதையும் அழிக்க விடமாட்டார். மேகம் மறைத்த படம், கொசுமருந்துப் புகை விழுந்த படம், யாரோ மொட்டைமாடி விளக்கைப் போட்டதால் வெளுத்துப்போன படம். "இதெல்லாம் வீண் ஆன்ட்டி, எடுத்துடலாம்" என்பான் ரியாஸ். "தொடாதே" என்பார்.

இரண்டு குளிர்காலம் இப்படிப் போயிற்று. டிசம்பரில் மற்ற கிறிஸ்தவ வீடுகளைப் போலத் தன் வாசலிலும் காகித நட்சத்திரம் கட்டினார், ஆனால் இருட்டியதும் அணைத்துவிடுவார். கேரல் பாட வந்த பிள்ளைகள் இருட்டில் கேட்டைத் தடவிக்கொண்டு நின்று, "ஆன்ட்டி, ஸ்டார் எரியலையே, கரன்ட் போச்சா?" என்றார்கள். "வெளிச்சம் வேணாம்ப்பா, டார்ச்சை எல்லாம் அணைச்சுட்டு பின்பக்கம் வந்து பாடுங்க" என்றார். துவைக்கிற கல்லைச் சுற்றி நின்று இருட்டில் பாடினார்கள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. நடுநடுவே கேமரா மட்டும் க்ளிக் என்றது. அக்கா யாருக்கும் தெரியாமல் அழுதுகொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். நான் அழுதேன், அது எனக்குத் தெரியும்.

இரண்டாவது குளிர்காலத்தில் வடக்குப் பக்கத்துக் காலி மனையில் ஃப்ளாட் கட்ட ஆரம்பித்தார்கள். தூண்கள் எழும்பின. அடுத்த வருஷம் அக்காவின் கொல்லையிலிருந்து வடக்கு வானம் தெரியப்போவதில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. போதாக்குறைக்கு கம்பிக் கட்டுகளுக்குக் காவலாக ஒரு பெரிய ஃபோகஸ் லைட் வேறு. அக்கா நேரே போய் வாட்ச்மேனிடம் அணைக்கச் சொன்னார்.

"இன்னாம்மா நீ, லைட்ட ஆஃப் பண்ணிட்டு கம்பி களவு போச்சின்னா யாரு பதில் சொல்றது? மேஸ்திரி என் தோல உரிச்சிருவாரு."

"கம்பியை நான் பாத்துக்கறேன். நீ போய் சாப்பிட்டுட்டு வா."

"நீயா?"

"நான்தான்."

அன்றிலிருந்து சாயங்காலமானால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், இருட்டில் யாரோ ஒருவரின் இரும்புக் கம்பிகளுக்குக் காவல் உட்கார்ந்தார். மதில் சுவருக்கு இந்தப் பக்கம் கேமரா தன் பாட்டுக்கு எடுத்துக்கொண்டிருக்கும். நானும் துணைக்குப் போவேன். கொசு பிடுங்கும். ஒருநாள் அக்கா என்னிடம், "ஏம்மா, இந்த கேலக்ஸி வெளிச்சம் அங்கிருந்து கிளம்பினப்ப மனுஷங்களே இல்லையாம். ரியாஸ் சொன்னான்" என்றார்.

"அப்படியாக்கா?"

"அவ்வளவு தூரம் வந்து, அந்த ஜனவரியில ஜோயல் கேமராவுல விழுந்தது. நான் இப்ப எடுக்கறது அதுக்குப் பின்னால கிளம்பினது. அது வேற, இது வேற." புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "அது திரும்ப வராதும்மா. அதை நான்தான் தொடச்சுப் போட்டேன்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வடக்கே இரண்டாவது மாடிக்குத் தளம் போட்ட அன்று, இனி எடுக்க முடியாது என்று முடிவாயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரியாஸ் வந்தான். வந்தவன் டெலஸ்கோப் பக்கம் போகாமல் ஹாலிலேயே நின்றான்.

"ஆன்ட்டி, அடுக்கறதுக்கு முன்னாடி என் பழைய மெயிலை எல்லாம் தேடிப் பாத்தேன். ஜோயல் எடுத்ததுல ஒண்ணு எங்கிட்ட இருக்கு."

அக்கா உட்கார்ந்துவிட்டார்.

"ஒண்ணே ஒண்ணுதான். அதுவும் கெட்டுப்போன படம். எடுத்துட்டு இருக்கும்போது குறுக்கால ஃப்ளைட் போயிருக்கு. நல்லா வந்துட்டு இருந்ததுல கோடு போட்டுட்டுப் போயிட்டான் பாவின்னு திட்டி எனக்கு அனுப்பியிருந்தான்."

"நல்லதை எல்லாம் வீட்டுல வெச்சுக்கிட்டான்" என்றார் அக்கா. "கெட்டதை உனக்கு அனுப்பினான்."

"ஆமா ஆன்ட்டி."

"அதையும் சேத்து அடுக்கு."

ரியாஸ் தலையைச் சொறிந்தான். "சேக்கலாம். ஆனா மத்ததுல இல்லாத கோடு இதுல இருக்கறதால ப்ரோக்ராமே அதைக் கழிச்சிடும். சுத்தமா வரணும்னு அப்படித்தான் செஞ்சு வெச்சிருக்காங்க."

"கழிக்காம செய்ய முடியாதா?"

"முடியும். படத்துல கோடு விழும்."

"விழட்டும்."

கம்ப்யூட்டர் மத்தியானம் பூராவும் அடுக்கியது. நாங்கள் மூன்று பேரும் ஜோயலின் அறையிலேயே சாப்பிட்டோம். கடைசியில் ரியாஸ் ஏதோ ஒன்றை இழுத்து இழுத்துச் சரிசெய்ய, அந்தப் பழுப்பு மெல்லப் பின்வாங்கியது. நடுவில் மஞ்சளாக ஒரு வெளிச்சம், அதைச் சுற்றிச் சாய்வாக, மங்கலாக, ஒரு சுருள். அதற்கு வெளியே இன்னொன்று. நிஜமாகவே கையை விரித்திருந்தது. எங்கள் சிட்லபாக்கத்து முருங்கை மரத்தடியிலிருந்து எடுத்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். படத்தின் குறுக்கே, மேல் மூலையிலிருந்து கீழ் வரை, முடி ஒட்டிக்கொண்ட மாதிரி மெலிதாக ஒரு கோடு.

அக்கா கேலக்ஸியைப் பார்க்கவே இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு வெகு அருகில் குனிந்தார். அந்தக் கோட்டின் மேல் ஒரு விரலை வைத்து, மேலிருந்து கீழே மெதுவாகத் தடவினார்.

படத்தைப் பெரிதாகப் பிரின்ட் போட்டுச் சட்டம் அடித்து ஹாலில் மாட்டினோம். எங்கள் மூன்று பேரைத் தவிர அந்தக் கோட்டைப் பற்றி யாருக்கும் தெரியாது. அக்கா யாரிடமும் சொன்னதில்லை. நாங்களும் சொல்லவில்லை.

சில மாதங்கள் கழித்து அக்காவின் தம்பி மகன் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். தங்கமான பிள்ளை. அத்தை தனியாக இருக்கிறாளே என்று அரிசியும் பருப்பும் வாங்கிப்போட்டு, பழுதான குழாயைச் சரிசெய்து, ஒரு நிமிஷம் சும்மா இருக்கவில்லை. நான் அவனுக்குத் தோசை கொண்டுபோயிருந்தேன். சாப்பிட்டுக்கொண்டே சுவரைப் பார்த்தான்.

"அத்தை, இது ஜோயல் எடுத்ததா? சூப்பரா இருக்கு. ஒரு கோடு மட்டும் கெடுக்குது பாருங்க. ஃபைலைக் குடுங்க, அஞ்சு நிமிஷ வேலை, எடுத்துடறேன். சுத்தமா ஆயிடும்."

வாயைத் திறந்தேன், அதற்குள் அக்கா எழுந்துவிட்டார். ஸ்டூலைப் போட்டு ஏறி, ஆணியிலிருந்து படத்தைக் கழற்றினார். எவ்வளவு கனம், ஒரு கையால் பிடித்துக்கொண்டு இறங்கினார். நானும் அவனும் உதவிக்கு ஓடினோம். கொடுக்கவில்லை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். அவன் பயந்துபோய், "அத்தை, நான் தப்பா ஏதாவது சொல்லிட்டேனா?" என்றான்.

"இல்லய்யா" என்றார் அக்கா, அவ்வளவு பிரியமாக. "மத்தது எல்லாம் நான் எடுத்தது. அந்தக் கோடு மட்டும்தான் என் பிள்ளை."

பிறகு அவனைப் பார்த்து, தோசை ஆறுகிறது, உட்கார்ந்து சாப்பிடு என்றார்.